வயதுக்கும் கணக்கு வை

இலஞ்சி

அன்பு மருமகனுக்கு மாமா எழுதுவது.

பெங்களூரு வேலையை விட்டுவிட்டுத் தென்காசிக்கே வந்து, டிஎன்பிஎஸ்சி தேர்வுக்கு ஆப் வழியாகப் பயிற்சி கொடுக்கும் கம்பெனி தொடங்கலாமா என்று கேட்டிருந்தாய். உன் அம்மா பயப்படுகிறாள். எனக்குப் பயமில்லை; தொடங்கு என்றுதான் சொல்வேன். ஆனால் இந்தத் தொழிலில் கால் வைப்பதற்கு முன் ஒன்றை மனதில் எழுதிக்கொள். உன்னிடம் சேரும் பிள்ளைகள் பணத்தோடு தங்கள் வயதையும் சேர்த்துக் கட்டுகிறார்கள். கட்டணத்தை நீ திருப்பிக் கொடுத்துவிடலாம். இருபத்திரண்டு வயதில் போன ஓராண்டை யாராலும் திருப்பித் தர முடியாது. நான் சொல்லப்போகும் யோசனை எல்லாம் இந்த ஒன்றிலிருந்து வருவதுதான்.

2025 ஜூலை 12ஆம் தேதி நடந்த குரூப் 4 தேர்வை எடுத்துக்கொள். அறிவிப்பில் இருந்த இடங்கள் 3,935. எழுதியவர்கள் 11 லட்சத்துக்கும் மேல். பிறகு இடங்கள் கூடின என்றாலும், அறிவிப்புக் கணக்கின்படி ஏறக்குறைய 290 பேருக்கு ஓர் இடம். அப்படியென்றால், எவ்வளவு நன்றாகப் பாடம் நடத்தினாலும் உன்னிடம் படிப்பவர்களில் பெரும்பாலோர் தேற மாட்டார்கள். தேறியவர் வேலைக்குப் போய்விடுவார். தேறாதவர்தான் அடுத்த ஆண்டும் கட்டணம் கட்ட வருவார். பிள்ளைகள் தோற்கத் தோற்கக் கம்பெனிக்கு வருமானம் என்ற நிலை, கவனமாக இல்லாவிட்டால், யாரும் கெட்ட எண்ணம் வைக்காமலே வந்துவிடும். இந்தத் தொழிலின் பெரிய ஆபத்து இதுதான்.

இந்தத் தொழில் வளர்ந்த வேகத்தை நீயே பார்த்திருக்கிறாய். 2010இல் யூடியூப் சேனலாக இருந்த அன்அகாடமி 2015இல் கம்பெனியானது. 2016இல் ஜியோ வந்து டேட்டா விலை விழுந்தது. ஆழ்வார்குறிச்சியில் இருக்கும் பிள்ளைக்கும் டெல்லி வாத்தியார் கைக்குள் வந்துவிட்டார். 2020இல் கொரோனா பள்ளிகளை மூடியதும் முதலீட்டாளர்கள் கோடி கோடியாகக் கொட்டினார்கள். கேரளத்திலிருந்து வந்த என்ட்ரி ஆப் தமிழிலும் பாடம் கொடுத்தது. சென்னையின் வெராண்டா கம்பெனி, ரேஸ் பயிற்சி நிறுவனத்தை வாங்கி, 2022 ஏப்ரலில் பங்குச் சந்தைக்கே போனது.

ஏறியவர்கள் எல்லோரும் நிலைக்கவில்லை. 2022இல் 2,200 கோடி டாலர் மதிப்புச் சொல்லப்பட்ட பைஜூஸ் பயிற்சிக் கம்பெனி, 2024 ஜூலையில் திவால் நடவடிக்கைக்குள் போனது. அதே காலத்தில், அலகாபாத்தில் யூடியூபில் இயற்பியல் நடத்திக்கொண்டிருந்த அலக் பாண்டே, குறைந்த கட்டணத்தில் பிசிக்ஸ்வாலாவை வளர்த்து 2025 நவம்பரில் பங்குச் சந்தைக்குக் கொண்டுவந்தார். அவருக்குக் கம்பெனிக்கு முன்பே மாணவர்கள் இருந்தார்கள். முதலில் அவர் பாடத்தை நம்பி வந்தார்கள், பிறகுதான் பணம் வந்தது. இந்த வரிசையை மாற்றாதே.

நம் மத்தளம்பாறைக்கே வருவோம். 2011இல் சோஹோ அங்கே அலுவலகம் திறந்தபோது, மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் உட்கார்ந்து உலகத்துக்கு சாஃப்ட்வேர் எழுத முடியுமா என்று கேட்டவர்கள் உண்டு. இன்று யாரும் கேட்பதில்லை. ஆனால் அந்தக் கம்பெனி 1996இல் தொடங்கியதிலிருந்து வெளி முதலீட்டை நம்பாமல், வாடிக்கையாளர் கொடுத்த காசில் வளர்ந்தது என்பதைச் சேர்த்துப் பார். முதலீட்டாளர் பணத்துக்கு அவசரம் உண்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை சேர்க்கை எண்ணிக்கை கேட்பார்கள். அந்த எண்ணிக்கைக்காகத்தான் போனில் கூப்பிட்டு ஆசை காட்டும் ஆட்கள் வேலைக்கு வைக்கப்படுகிறார்கள்.

அதன் விளைவை நான் பக்கத்தில் பார்த்தேன். பாவூர்சத்திரம் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு வீடு. அம்மாவும் மகளும் திண்ணையில் சுளகை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றுவார்கள். ஊறவைத்த இலையைக் கத்தரியால் அளவாக வெட்டி, தூளை வைத்து உருட்டி, முனையை மடித்து, நூலால் கட்ட வேண்டும். மகள் எதிரே ஒரு சொம்பில் செல்போனைச் சாய்த்து வைத்திருப்பாள். விரல் பீடி சுற்றும், காது பாடம் கேட்கும். நடுவில் கணக்குப் போட வேண்டி வந்தால் இலைத்தூள் படிந்த விரலாலேயே வீடியோவை நிறுத்தி, பழைய கூலி நோட்டின் பின்பக்கத்தில் போட்டுப் பார்ப்பாள்.

அந்தப் பிள்ளையிடம் ஒரு கம்பெனி ஓராண்டுக் கட்டணத்தை இஎம்ஐ என்று சொல்லி வாங்கியது. இரண்டு மாதத்தில் பாடம் தனக்கு ஒத்துவரவில்லை என்று நிறுத்தப் பார்த்தாள். அப்போதுதான் விஷயம் தெரிந்தது: தான் கையெழுத்துப் போட்டது கட்டணத் தவணைக்கு என்று நினைத்திருந்தாள்; உண்மையில் அது ஒரு நிதி நிறுவனத்தில் வாங்கிய கடன். கம்பெனிக்கு முழுப் பணமும் முதல் நாளே போய்விட்டது. பாடம் நின்ற பிறகும் தவணை நிற்கவில்லை. உன் கம்பெனியின் பெயரில் இப்படி ஒரு வீட்டுக்கு வசூல் போன் போகக் கூடாது. மாதாமாதம் கட்டணம் வாங்கு. வேண்டாம் என்றால் அடுத்த மாதம் நிற்கட்டும். உன் வரவு குறையும்தான். ஆனால் ஒவ்வொரு மாதமும் உன் பாடம் தன் தகுதியை நிரூபிக்க வேண்டி வரும். அது உனக்கு நல்லது.

அடுத்து, இலவசமாகக் கிடைப்பதை விற்காதே. குரூப் 4 தேர்வின் தரம் பத்தாம் வகுப்பு. சமச்சீர் புத்தகங்களை பாடநூல் கழக இணையதளத்தில் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் இலவச வகுப்பு உண்டு. பீடி சுற்றும் தாயின் மகளான இன்பா, செங்கோட்டை நூலகத்தில் படித்து, 2024 ஏப்ரலில் வந்த குடிமைப் பணித் தேர்வு முடிவில் தேர்ச்சி பெற்றது ஊரறிந்த செய்தி. உன் ஆப்பின் முதல் பக்கத்திலேயே இவற்றையெல்லாம் சொல்லிவிடு. சொன்ன பிறகும் உன்னிடம் வருகிறவர் எதற்காக வருகிறாரோ, அதுதான் உன் சரக்கு.

அது என்னவாக இருக்கும் என்று எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். குரூப் 4 தேர்வின் 200 கேள்வியில் தமிழ் 100, பொது அறிவு 75, திறனறிவு 25. தமிழ்ப் பகுதியில் 150க்கு 60 மதிப்பெண் வராவிட்டால் மற்ற பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். எங்கே தவறுகிறோம், ஏன் தவறுகிறோம் என்று தனியாகப் படிக்கும் பிள்ளைக்குத் தெரிவதில்லை. விகிதத்தில் தடுமாறுகிறவளுக்கு மறுபடி மறுபடி முழு மாதிரித் தேர்வு வைத்து என்ன பயன்? விகிதத்தை மட்டும் பத்து நாள் சொல்லிக்கொடு. இன்னொன்று, போனில் விரலால் தொட்டு விடை சொல்லிப் பழகியவர்கள், தேர்வறையில் கருப்புப் பேனாவால் ஓஎம்ஆர் தாளில் வட்டம் நிரப்பும்போது நேரம் போதாமல் தவிக்கிறார்கள். மாதிரி ஓஎம்ஆர் தாளை அச்சடித்துக் கொடு. ஞாயிற்றுக்கிழமைதோறும் ஊரில் ஓர் இடத்தில் மூன்று மணி நேரம் உட்கார்த்தி எழுதவை. பெரிய கம்பெனிக்கு இது கட்டுப்படியாகாது. தென்காசியில் இருக்கும் உனக்கு முடியும்.

விளம்பரத்தில் பொய் வேண்டாம். தேறியவர் படத்தை அவர் எழுத்துமூலம் சம்மதிக்காமல் போடக் கூடாது, அவர் எந்தப் படிப்பில் எவ்வளவு காலம் சேர்ந்திருந்தார் என்பதை மறைக்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் விதியே கொண்டுவந்துவிட்டது. வெறும் மாதிரி நேர்காணலுக்கு வந்தவரை முழுப் படிப்பும் தன்னிடமே படித்தவர்போல் காட்டும் பழக்கம் அந்த அளவுக்குப் பரவியிருந்தது. நீ விதியைத் தாண்டி ஒரு படி போ. இத்தனை பேர் சேர்ந்தார்கள், இத்தனை பேர் தேறினார்கள் என்று இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் போடு.

கடைசியாக, நிறுத்தச் சொல்லவும் தெரிந்திரு. இரண்டு முறை எழுதியும் மதிப்பெண் ஏறாத பிள்ளையை நேரில் கூப்பிட்டுப் பேசு. வழி இந்த ஒன்று மட்டும் இல்லை. மத்திய அரசின் எஸ்எஸ்சி 2023 முதல் எம்டிஎஸ், சிஎச்எஸ்எல் தேர்வுகளைத் தமிழிலும் நடத்துகிறது. ரயில்வே தேர்வும் தமிழில் உண்டு. படித்த திறனறிவு அங்கேயும் உதவும். தேர்வே வேண்டாம், ஒரு தொழிலைக் கற்றுக்கொள் என்று சொல்ல வேண்டியவர்களிடம் அதையும் சொல். ஒரு சேர்க்கை போகும். ஒரு பிள்ளையின் இரண்டு ஆண்டு மிஞ்சும். அந்த வீட்டில் உன் பெயரைப் பிறகு அவர்களே நான்கு பேரிடம் சொல்வார்கள்.

உடனே வேலையை விடாதே. அம்மா நகையைத் தொடாதே. அடுத்த சாரல் பருவத்துக்கு லீவு எடுத்துக்கொண்டு வா. குற்றாலத்தில் குளிக்க ஒரு நாள் போதும். மற்ற நாளெல்லாம் தேர்வுக்குப் படிக்கிற பத்துப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு காசு வாங்காமல் திறனறிவு நடத்து. நம் வீட்டு மாடி காலியாகத்தான் இருக்கிறது. பலகையும் விளக்கும் நான் ஏற்பாடு செய்கிறேன். முதல் நாளும் கடைசி நாளும் அவர்களுக்கு ஒரே தரத்தில் தேர்வு வை. மதிப்பெண் ஏறியிருந்தால் கம்பெனிக்குப் பெயர் யோசிப்போம். ஏறாவிட்டால் ஆப் கட்டுவதற்குமுன் பாடத்தைச் சரிசெய்வோம்.

உன் முயற்சிக்கு இலஞ்சிக் குமரன் துணை நிற்கட்டும். எந்த வாரம் வருகிறாய் என்று எழுது.

இப்படிக்கு,
அன்புள்ள மாமா