கொறிக்கும் பழக்கம்: தம்பி மகளுக்கு அத்தை எழுதுவது

கொறிக்கும் பழக்கம் கண்ணில் படுவது மாலையில். அது பிறப்பது காலையில். எடை குறைக்க நினைப்பவர் முதலில் கைவைப்பது காலைப் பலகாரத்தில்தான். வெறும் காப்பியோடு கிளம்பி, மதியம் ஒரு டப்பா வெள்ளரிக்காயோடு நிறுத்திக்கொண்டால், மாலை நாலரை மணிக்கு உடம்பு பாக்கியைக் கேட்கும். அப்போது கைக்கு எட்டுவது மிக்சர்தான்.

பசியைத் தூண்டுவதில் இரைப்பையில் சுரக்கும் கிரெலின் என்ற ஹார்மோனுக்குப் பெரிய பங்கு உண்டு. 1999இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அதைக் கண்டறிந்தார்கள். சாப்பாட்டுக்கு முன்னால் அது ஏறும், சாப்பிட்டதும் இறங்கும். வழக்கமாகச் சாப்பிடும் நேரத்தையும் அது பழகிக்கொள்கிறது. தினமும் நாலரைக்குத் தீனி கிடைத்தால், நாலரைக்கே பசி எழும். தூக்கம் குறைந்தால் கிரெலின் கூடுவதையும், போதும் என்று உணர்த்தும் லெப்டின் குறைவதையும் ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். இரவு ஒரு மணி வரை போனைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். தம்பி மகள் எப்போது தூங்குகிறாள் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

கொழுப்பில் கிராமுக்கு 9 கலோரி. மாவுச்சத்திலும் புரதத்திலும் 4. எண்ணெய் குடித்த காராச்சேவு, முறுக்கு, மிக்சர் எல்லாமே 100 கிராமுக்கு 500 கலோரியை ஒட்டி நிற்பது இதனால்தான். இரண்டு கைப்பிடி, அதாவது 60 கிராம், 300 கலோரி. நடுத்தர அளவில் ஆறு இட்லிக்குச் சமம். ஆறு இட்லியைத் தட்டில் வைத்தால் பதறுகிறவர்கள், தீனிச் சம்படத்துக்குள் கை போகும்போது எண்ணுவதில்லை.

இந்தக் குடும்பத்தில் அந்தச் சம்படத்துக்குப் பழைய கதை உண்டு. ஆண்கள் சாப்பிட்டு எழுந்து, பிள்ளைகள் சாப்பிட்டு, அதன் பிறகு ஆச்சி உட்கார மூன்று மணி ஆகும். அதுவரை பசி தாங்க, அடுப்படியில் நின்றபடியே ஒரு பிடி சாத்தூர்ச் சேவு. "தீனிக்காரி" என்று சிரித்தவர்கள் இருந்தார்கள். நேரத்துக்கு ஒரு தட்டுச் சோறு போட்டவர் எவரும் இல்லை. பிறகு சர்க்கரை வந்தது, கால் விரலில் புண் வந்தது. அப்போதும் பழி சம்படத்தின் மேல்தான் விழுந்தது. சர்க்கரைக்கு வம்சமும் ஒரு காரணம் என்பது உண்மைதான். ஆனாலும் கடைசிப் பந்தியை யாரும் குற்றம் சொல்லவில்லை. பேத்திக்கு இன்று யாருக்கும் பரிமாறும் கட்டாயம் இல்லை. தன்னைத் தானே கடைசிப் பந்தியில் உட்காரவைத்துக்கொள்கிறாள். போன வாரம் மின்சார ரயிலில் தலைசுற்றி உட்கார்ந்ததைத் தம்பி சொன்ன பிறகு இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

வழிகள் இரண்டு, எதை எடுப்பது என்பது அவரவர் விருப்பம். ஒன்று, பகலெல்லாம் வயிற்றைக் காயப்போட்டு, மாலைதோறும் மனசோடு மல்லுக்கட்டுவது. வயிற்றைக் காயப்போடுவதை ஆச்சி முப்பது வருஷம் செய்தாள். மற்றது, ஒன்பது மணிக்குள் சாம்பாரோடு மூன்று இட்லியோ, முட்டையோடு ஒரு தோசையோ சாப்பிடுவது. மதியம் ஒரு கிண்ணம் சோறும், பருப்போ மீனோ சேர்த்து, சோற்றைப்போல் இரண்டு மடங்கு காயும் வைத்துக்கொள்வது. மாலைக்குச் சுண்டல். வேகவைத்த கொண்டைக்கடலை 100 கிராமில் சுமார் 160 கலோரி, 9 கிராம் அளவு புரதம். நார்ச்சத்து இருப்பதால் மெல்ல நேரமாகும், வயிற்றிலும் நிற்கும். முந்தின இரவே ஊறப்போடுவது மட்டும்தான் இதில் வேலை. அதை மறந்த நாளில் கொய்யாவும் மோரும் போதும், கடலைமிட்டாய் அதற்கு ஈடாகாது. கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது பெருமைதான். ஆனால் நம்மூர்ப் பண்டம் என்பதற்காக வெல்லத்தின் கலோரி குறைந்துவிடாது.

பண்டத்தை வாங்கி வைத்துக்கொண்டு தின்னாமல் இருப்பதைவிட, வாங்காமல் இருப்பது எளிது. ஆசைக்குத் தின்பதானால் கிண்ணத்தில் எடுத்து, சம்படத்தை மூடி உள்ளே வைத்துவிட்டு, உட்கார்ந்து தின்னலாம்.

எவ்வளவு குறைக்க வேண்டும் என்பதும் ஒரு கேள்வி. இந்தியர்களுக்கு உடல் நிறைக் குறியீடு 23ஐத் தொட்டால் அதிக எடை என்கிறார்கள். 158 சென்டிமீட்டர் உயரமும் 61 கிலோ எடையும் உள்ள பெண்ணுக்கு அது 24.4. நான்கு கிலோ குறைந்தால் 23க்குக் கீழே வந்துவிடும். வாரத்துக்கு அரைக் கிலோ வீதம் இரண்டு மாத வேலை, பட்டினி தேவையில்லை. வம்சத்தில் சர்க்கரை உள்ளவர்கள் ஆண்டுக்கொருமுறை வெறும் வயிற்றில் ரத்தம் பார்த்துக்கொள்வது நல்லது. தலைசுற்றல் திரும்ப வந்தால் அன்றே டாக்டரிடம் போக வேண்டும்.

தீபாவளிக்கு வரும் பிள்ளைக்கு அதிரசமும் முறுக்கும் உண்டு, தட்டில் வைத்து, முதல் பந்தியில். எடை குறைந்தாலும் குறையாவிட்டாலும் அத்தைக்கு அவள் தங்கம்தான். பட்டுப் பாவாடையில் தெருவெல்லாம் ஓடிய அதே குட்டிதான். காலையில் என்ன சாப்பிட்டாள் என்று தினமும் ஒரு வரி வந்தால் போதும்.

அன்புடன்,
அத்தை