வகையும் வாகையும் ஒன்றான கதை

தம்மம்பட்டி மரச்சிற்பப் பட்டறை ஒன்றுக்குச் சரக்குக் கணக்கு மென்பொருள் செய்தோம். அவர்களுடைய எக்செல் தலைப்புகளைப் படித்து, கோ மொழியில் ஸ்ட்ரக்ட் எழுதித் தரும் கோட் ஜெனரேட்டர் என் பொறுப்பு. உங்கள் வாடிக்கையாளரும் தமிழில்தான் தலைப்பு வைப்பார், அதனால் எழுதுகிறேன்.

தலைப்பை ஃபீல்டு பெயராக்கும்போது இடைவெளிக்கு அடிக்கோடு, ‘2 அடி’ போல எண்ணில் தொடங்கினால் முன்னால் ஓர் எழுத்து, ‘டைப்’ மாதிரி மொழிக்கே சொந்தமான சொல் வந்தால் பின்னால் ஓர் ஒட்டு. இதெல்லாம் எல்லோரும் செய்வதுதான். வம்பு துணையெழுத்தில் வந்தது. பைத்தான் 3-லும் ஜாவாவிலும் ‘வகை’ என்றே பெயர் வைக்கலாம். கோ மொழியோ அடிக்கோட்டைத் தவிர, யூனிகோடில் எழுத்து, எண் என்று குறிக்கப்பட்டவற்றை மட்டுமே ஏற்கும். கால், கொம்பு, புள்ளி எல்லாம் அதற்கு எழுத்தே இல்லை.

“ஏத்துக்காததை வெட்டிடு, மோதினா நம்பர் போடு” என்றார் டீம் லீட். வேண்டாம் என்று மெயிலே போட்டேன், இன்னும் வைத்திருக்கிறேன். சிலையின் ‘வகை’யும், எத்தனை கன அடி வாகை மரம் என்று சொல்லும் ‘வாகை’யும் வெட்டுப்பட்டு ‘வக’ என்றே ஆயின. முதலில் வருவது ‘வக’, அடுத்தது ‘வக2’. ஒருநாள் பட்டறைக்காரர் வாகைப் பத்தியை முன்னால் நகர்த்தினார். இரண்டுமே ஸ்ட்ரிங், கம்பைலர் வாய் திறக்கவில்லை. ரிப்போர்ட்டில் வகை: 40, வாகை: யாளி. “ஏந்தம்பி, யாளிய கன அடிக் கணக்குலயா விக்கறேன்?” என்று போன் வந்தது எனக்கு, லீடுக்கு அல்ல.

இப்போது எதையும் வெட்டுவதில்லை. துணையெழுத்தின் யூனிகோடு எண்ணை அடிக்கோடுகளுக்கு நடுவே எழுதுகிறேன்: கால் 3006, இணைக்கொம்பு 3016. வகை என்பது வக_3016_, வாகை என்பது வ_3006_க_3016_. தலைப்பிலேயே அடிக்கோடு இருந்தால் அதுவும் _95_ ஆகிவிடும். இடைவெளியும் இப்போது _32_ தான். பார்க்கச் சகிக்காது, ஆனால் திருப்பிப் படித்தால் அதே தலைப்பு கிடைக்கும். தமிழில் பெரிய எழுத்து கிடையாதே, அதனால் வெளியே தெரிய வேண்டிய ஃபீல்டுகளுக்கு முன்னால் ஓர் ஆங்கிலப் பெரிய எழுத்து. எண்ணாக மாற்றுமுன் தலைப்பை யூனிகோடின் என்எஃப்சி வடிவுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். ‘கொள்முதல்’ என்பதன் ‘கொ’வில் கொம்பையும் காலையும் ஒரே குறியாக அடிப்பவரும் உண்டு, தனித்தனியாக அடிப்பவரும் உண்டு.

அசல் தலைப்பை ஜேசான் டேக்கில் போட்டுவைக்கலாம் என்று நினைக்காதீர்கள். கோ மொழியோடு வரும் ஜேசான் பேக்கேஜ் அங்கேயும் துணையெழுத்தை ஏற்காமல், டேக்கையே சத்தமின்றி ஒதுக்கிவிடுகிறது. தனி மேப்பில் வையுங்கள். அப்படியும் இரண்டு பெயர் மோதினால் நம்பர் ஒட்டாதீர்கள். ஜெனரேட்டர் அங்கேயே நிற்கட்டும், இரண்டு தலைப்பையும் திரையில் காட்டட்டும். லீட் என்ன சொன்னாலும் சரி.