சூனியக்காரிக்கும் ஒரு பெயர் உண்டு

காரைக்குடிக்கு அருகில் ஓர் அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்குத் தமிழ் கற்பிக்கிறேன். வாரத்தில் ஒரு பாடவேளை நூலகத்துக்கு. சென்ற ஆண்டு ஒரு மாணவன், 'ஹாரி பாட்டர்' படத்தைத் தமிழில் பார்த்ததாகவும் அதுபோல் மந்திரக் கதை வேண்டும் என்றும் கேட்டான். வகுப்பே அவனோடு சேர்ந்துகொண்டது. நானும் உற்சாகத்தில் ஒரு சூனியக்காரி கதையை நடித்துக் காட்டினேன். முதுகை வளைத்து, முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டு, கீச்சுக் குரலில் சிரித்தேன். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

மதிய உணவு நேரத்தில் குழாயடியில் ஒரு மாணவியைச் சுற்றி நின்று, 'சூனியக்காரி பேத்தி' என்று சிலர் கூவினார்கள். மறுநாள் அவள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

வீட்டுக்குப் போனேன். அவளுடைய அப்பத்தாவுக்குக் கூன் விழுந்த முதுகு. உரிமையாளர்கள் வெளியூரில் இருப்பதால் பூட்டிக் கிடக்கும் ஒரு பெரிய வீட்டைப் பார்த்துக்கொள்கிறார். தினமும் மாலையில் தனியாக உள்ளே போய் விளக்கேற்றிவிட்டு வருவார். இருட்டிய வீட்டுக்குள் ஒற்றை வெளிச்சம். தெருப் பிள்ளைகள் ஏற்கெனவே ஒரு கதை கட்டி வைத்திருந்தார்கள். என் நடிப்பு அதற்கு முத்திரை குத்திவிட்டது.

"பூட்டுன வீடு இருட்டாக் கெடக்கக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போனாக, ஏத்துறேன். என்னையச் சொன்னா சொல்லிட்டுப் போகட்டும் டீச்சர். புள்ளைய மட்டும் சொல்ல வேணாம்னு சொல்லுங்க" என்றார் அவர்.

மந்திரக் கதைகளையே வகுப்பிலிருந்து விலக்கிவிடலாமா என்று யோசித்தேன். விலக்கினால் குழாயடிக் கதை மட்டும்தான் மிஞ்சும். எனவே நான்கு பாடவேளைகளுக்கு ஒரு செயல்பாட்டைத் திட்டமிட்டேன்.

முதல் பாடவேளை: சொல். கரும்பலகையில் 'மந்திரவாதி', 'சூனியக்காரி' என்று எழுதி, மனத்தில் தோன்றுவதைச் சொல்லச் சொன்னேன். மந்திரவாதிக்கு 'சக்தி, தாடி, புத்தகம்' வந்தன. சூனியக்காரிக்குக் 'கிழவி, கெட்டவள், தனியாக இருப்பாள்' வந்தன. 'சூனியம்' என்ற சொல்லுக்கு வெறுமை, பூச்சியம் என்றும் பொருள் உண்டு என்றபோது வியந்தார்கள். பிறகு ஹாரி பாட்டருக்கு வந்தோம். ஜே.கே. ரௌலிங்கின் அந்த முதல் நாவல் 1997இல் வெளிவந்தது. அதில் வரும் ஹெர்மயனியும் மந்திரம் கற்கும் ஒரு சூனியக்காரிதான். ஆனால் அவள் பள்ளி மாணவி. எந்தச் சிக்கல் வந்தாலும் நூலகத்துக்கு ஓடுபவள். "அப்ப அவளுக்கு மட்டும் ஏன் டீச்சர் கூன் இல்ல?" என்று ஒருவன் கேட்டான். அந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

இரண்டாம் பாடவேளை: விதி. நல்ல மாயக்கதையில் மந்திரம் இஷ்டத்துக்கு வேலை செய்யாது. விக்கிரமாதித்தன் விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடிக்கும்; வாய் திறந்தால் வேதாளம் முருங்கை மரம் ஏறிவிடும். 1947இல் தொடங்கிய அம்புலிமாமா இதழ் தலைமுறைகளைக் கட்டிப்போட்டது இந்த ஒரு விதியால்தான். அர்சுலா லெ குவின் 1968இல் எழுதிய எர்த்ஸீ நாவலில், ஒரு பொருளை ஆள அதன் உண்மைப் பெயரை அறிந்திருக்க வேண்டும். குழுவாகப் பிரிந்து, ஒரு மந்திரமும் அதற்கு ஒரு விலையும் கற்பிக்கச் சொன்னேன். 'மறைந்து போகலாம், ஆனால் மறையும் ஒவ்வொரு முறையும் ஒருவர் உன்னை மறந்துபோவார்' என்றது ஒரு குழு.

மூன்றாம் பாடவேளை: இடமாற்றம். கேட்ட கதையை அந்தக் கிழவியே சொல்வதாக எழுத வேண்டும். நிபந்தனை மூன்று: அவளுக்குப் பெயர் இருக்க வேண்டும், ஒரு வேலை இருக்க வேண்டும், இன்று என்ன சாப்பிட்டாள் என்று எழுத வேண்டும். பெயர் வைத்ததுமே பலரால் அவளைக் கொடியவளாக எழுத முடியவில்லை.

நான்காம் பாடவேளை: உண்மை. அமெரிக்காவின் சேலம் பகுதியில் 1692இல் சூனியக் குற்றச்சாட்டு ஒரு சில சிறுமிகளிடமிருந்து தொடங்கியது. 19 பேர் தூக்கிலிடப்பட்டனர். நம் நாட்டிலும் நோய், சாவு, நிலத் தகராறு என ஏதாவது நேரும்போது பழி தனித்திருக்கும் பெண் மீது விழுந்திருக்கிறது. இதைத் தடுக்க பீகார் 1999இலும் ஜார்க்கண்ட் 2001இலும் சட்டம் இயற்றின. ஜார்க்கண்டின் சுட்னி மஹதோ, சூனியக்காரி என்று பழிசுமத்தப்பட்டு ஊரை விட்டு விரட்டப்பட்டவர். பிறகு தம்மைப் போன்ற பெண்களுக்குத் துணை நின்றார். 2021ஆம் ஆண்டுக்கான பத்மஸ்ரீ விருது அவருக்கும், அசாமில் இதே பணியைச் செய்த பிருபாலா ராபாவுக்கும் அறிவிக்கப்பட்டது. வகுப்பு அமைதியாகக் கேட்டது. குழாயடியைப் பற்றி நான் பேசவில்லை. பேச வேண்டியிருக்கவில்லை.

அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது அரசமைப்புச் சட்டத்தின் 51ஏ பிரிவு கூறும் அடிப்படைக் கடமை. மாயக்கதை அதற்கு எதிரி என்று சிலர் நினைக்கலாம். பக்கத்து அரிமளத்தில் பிறந்த வாண்டுமாமா மாயாஜாலக் கதைகளையும் எழுதினார், சிறுவர்களுக்கு அறிவியல் நூல்களையும் எழுதினார். கதையைக் கதை என்று அறிந்து ரசிக்கும் பிள்ளை, வதந்தியையும் கதை என்று அடையாளம் காணும்.

இதைச் செய்து பார்க்க விரும்பும் ஆசிரியர்களுக்கு இரண்டு சொற்கள். பாதிக்கப்பட்ட பிள்ளையை எழுந்து பேசச் சொல்லாதீர்கள். எழுதியதை வாசிக்கவும் வற்புறுத்தாதீர்கள். கேலி செய்த பிள்ளையின் பெயரையும் வகுப்பில் சொல்லாதீர்கள். ஒரு பட்டத்தை நீக்கப் போய் இன்னொன்றைச் சூட்டிவிடுவோம்.

அந்த மாணவி நான்கு நாளும் வந்தாள். மூன்றாம் நாள் எழுதிய தாளை மடித்து என் கையில் மட்டும் கொடுத்தாள். அவள் கதையில் வரும் கிழவி பழைய சோறும் ஊறுகாயும் சாப்பிட்டிருந்தாள். பெயர், அவளுடைய அப்பத்தாவின் பெயர்தான்.

'சூனியக்காரி பேத்தி' என்று கூப்பிடுவது எங்கள் பள்ளியில் நின்றுவிட்டது. விளக்கெரியும் அந்தப் பெரிய வீட்டை இருட்டில் கடக்கும்போது சில பிள்ளைகள் இன்னும் ஓடத்தான் செய்கிறார்கள். அடுத்த ஆண்டுக்கும் பாடம் இருக்கிறது.

நான் இப்போதும் மந்திரக் கதை சொல்கிறேன். முதுகை மட்டும் வளைப்பதில்லை.