முறுக்குவிசையா, மிகுசுற்றா?

வித்துராவிலிருந்து பொன்முடிக்கு ஏறும் சாலையில் 22 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. நண்பர் ஒருவரின் நான்கு சிலிண்டர் காரில் அவ்வழியே சென்றபோதுதான், வகுப்பில் மனப்பாடம் செய்த சூத்திரமொன்றின் பொருள் எனக்கு விளங்கிற்று.

வால்வுகளை நெடுநேரம் திறந்து வைக்கும் காம் தண்டை அவர் பொருத்தியிருந்தார். எஞ்சினின் சிவப்புக் கோடு நிமிடத்துக்கு 6000 சுற்றிலிருந்து 7000க்கு உயர்ந்தது. சமவெளியில் கார் பறந்தது, வளைவுதோறும் திணறிற்று. காரணம் என்ன?

முறுக்குவிசையை நியூட்டன் மீட்டரில் கொண்டு, நிமிடச் சுற்றால் பெருக்கி, 9549ஆல் வகுத்தால் திறன் கிலோவாட்டில் கிடைக்கும். 6000 சுற்றில் முறுக்குவிசை 100 எனில் திறன் 63. 7000 சுற்றில் அது 85 ஆகக் குறைந்ததென்று வைத்துக்கொள்வோம், திறன் 62தான்! பிஸ்டனின் நிலைம விசையோ சுற்றின் இருமடிப்படி வளர்ந்து, 36 சதவீதம் கூடிவிடும்.

இன்னொரு குறையும் உண்டு. உள்வால்வு தாமதித்து மூடுவதால், குறைந்த சுற்றில் உள்ளிழுத்த கலவையின் ஒரு பகுதி திரும்பி வெளியேறும், முறுக்குவிசை தளரும். வளைவில் திரும்புகையில் எஞ்சின் ஓடுவதோ அக்குறைந்த சுற்றிலேயே.

இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் திடலில் கதை வேறு. அங்கே நெருங்கிய பல்சக்கர விகிதங்களால் எஞ்சினை எப்போதும் உயர்சுற்றிலேயே வைத்திருக்கலாம். முறுக்குவிசை அங்கும் தாங்கி நிற்குமாயின் மிகுசுற்றே வெல்லும்.

ஆகவே மாணவ நண்பர்களே, காம் தண்டை மாற்றுமுன் ஓடப்போகும் சாலையைப் பாருங்கள். எந்தச் சுற்றில் எவ்வளவு முறுக்குவிசை என்பதை வரைபடமாக வரைந்து பாருங்கள். என் நண்பர் பழைய தண்டையே மீண்டும் பொருத்திக்கொண்டார்.