விளையாட்டு ஞாபகார்த்தப் பொருட்களின் பெறுமதியைத் தீர்மானிக்கும் காரணிகள்

நோக்கம்: கேள்வி, நிரம்பல் ஆகியன ஒரு பொருளின் விலையைத் தீர்மானிக்கும் விதத்தைச் சேகரிப்புப் பொருட்களின் மூலம் விளங்கிக் கொள்ளல்.

அறிமுகம்

1883ஆம் ஆண்டு முதல் கொழும்பில் தேயிலை ஏலம் நடைபெற்று வருகின்றது. எமது மலையகத் தோட்டங்களின் தேயிலைக்கு அங்கு கொள்வனவாளர்கள் விலை கூறுகின்றனர். இந்த வாரம் பறித்த கொழுந்து மீண்டும் துளிர்க்கும். எனவே நிரம்பல் தொடர்ந்து கிடைக்கும்.

கண்டியில் பிறந்த முத்தையா முரளிதரன் 2010 ஜூலையில் காலியில் இந்தியாவுக்கு எதிராகத் தமது 800ஆவது டெஸ்ட் விக்கெட்டை வீழ்த்தினார். அந்தப் பந்து ஒன்றே ஒன்றுதான். விலை எவ்வளவு உயர்ந்தாலும் இன்னொன்றை உற்பத்தி செய்ய முடியாது. இவ்வாறான பொருட்களின் விலைக்கும் உற்பத்திக் கிரயத்துக்கும் தொடர்பு மிகக் குறைவு.

பிரதான காரணிகள்

1. அருமை: நிரம்பல் நிலையானது. ஆயினும், அரிதான எல்லாப் பொருட்களும் விலை போவதில்லை. வாங்க விரும்புவோரும் இருத்தல் வேண்டும்.

2. கேள்வி: வீரரின் புகழும் நிகழ்வின் முக்கியத்துவமும் கேள்வியை உயர்த்தும். 2011 உலகக் கிண்ண இறுதிப் போட்டியில் இலங்கைக்கு எதிராக மகேந்திர சிங் தோனி ஆட்டமிழக்காது 91 ஓட்டங்கள் பெற்ற துடுப்பாட்ட மட்டை, அதே ஆண்டு லண்டன் ஏலத்தில் 1,00,000 பவுணுக்கு விற்கப்பட்டது.

3. விற்பனையின் நோக்கம்: 2020 ஜனவரியில் ஷேன் வோர்னின் பச்சைத் தொப்பி 10,07,500 அவுஸ்திரேலிய டொலருக்கு விற்பனையானது. அப்பணம் காட்டுத்தீ நிவாரணத்துக்கு வழங்கப்பட்டது. அதே ஆண்டு டிசெம்பரில் டொன் பிரட்மனின் 1928ஆம் ஆண்டுத் தொப்பி 4,50,000 டொலருக்கே விற்பனையானது. பழைமை மட்டும் விலையைத் தீர்மானிப்பதில்லை என்பதற்கு இது சிறந்த உதாரணமாகும்.

4. நம்பகத்தன்மை: பொருள் உண்மையானது என்பதற்கான சான்று. 1986இல் இங்கிலாந்துக்கு எதிராக மரடோனா அணிந்த சட்டையை எதிரணி வீரர் ஸ்டீவ் ஹொட்ஜ் போட்டி முடிந்ததும் மாற்றிப் பெற்றார். 2022இல் அது ஏலத்துக்கு வந்தபோது, கோல்கள் அடித்த இரண்டாம் பாதியில் அணிந்த சட்டை அதுவல்ல என மரடோனாவின் குடும்பத்தினர் கூறினர். ஏல நிறுவனம் சட்டையின் இலச்சினை, கோடுகள், இலக்கம் ஆகியவற்றை அக்காலப் படங்களுடன் ஒப்பிட்டு உறுதி செய்தது. சட்டை சுமார் 71 இலட்சம் பவுணுக்கு விற்கப்பட்டது. அதே மாதிரியான இன்னொரு சட்டைக்கு இவ்விலை கிடைக்காது.

5. பொருளின் நிலை: சேதமுற்றால் பெறுமதி குறையும். ஆனால் விளையாடும்போது ஏற்பட்ட கறையும் கீறலும் சான்றாகலாம். அவற்றைக் கழுவி நீக்குதல் சான்றை அழிப்பதாகும்.

சிந்திக்க

உங்கள் தோட்டத்து வாசிகசாலையில் ஒரு பழைய உதைபந்தாட்டக் கிண்ணம் இருக்கலாம். அதனருகே வீரர்களின் படமும் தொங்கலாம். படத்தில் உள்ளவர்களின் பெயர்கள் எழுதப்பட்டுள்ளனவா? எழுதப்படாவிடின் அவர்களை அறிந்த தாத்தாமார் இருக்கும்போதே கேட்டு, ஆண்டு, எதிரணி, பெயர்கள் ஆகியவற்றை எழுதிவையுங்கள். அவர்களுக்குப் பின்னர் அது வெறும் உலோகக் கிண்ணமே. அக்கிண்ணம் ஏலத்தில் விலை போகாதிருக்கலாம். எனினும் தோட்டத்து மக்களுக்கு அதன் பெறுமதி பெரிது. சந்தை விலையும் பெறுமதியும் எப்போதும் ஒன்றல்ல.

மாதிரி வினா

பிரபல வீரர் ஒருவரின் கையொப்பமிட்ட இரு மட்டைகள் விற்பனைக்கு உள்ளன. ஒன்று மட்டும் அதிக விலை பெறுகின்றது. காரணங்கள் இரண்டு தருக.

விடைக் குறிப்பு

• அது முக்கிய போட்டியொன்றில் பயன்படுத்தப்பட்டிருத்தல். மற்றையது கையொப்பம் மட்டும் பெற்றிருத்தல்.
• அதற்குப் படம், கடிதம் போன்ற சான்றுகள் இருத்தல்.

கவனிக்க: "பழைய பொருள் என்பதால்" என்று மட்டும் எழுதுவது போதிய விடையன்று.