எழாத மடிக்கணினி

 

1896-ஆம் ஆண்டில் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் என்பார் ரப்பர் பயிரிடத் தொடங்கினார். பின்னர்ப் பெருகிய தோட்டங்களில் நம் முன்னோர் பால் வெட்டி வாழ்ந்தனர். மங்கில் பால் விழவில்லையென்றால் அவர்கள் உடனே மரத்தைச் சாய்த்துவிடவில்லை. பட்டையைப் பார்த்தனர், வெட்டுக் கோட்டைப் பார்த்தனர், பால் எங்கே தடைபட்டது என்று வழியோடு சென்று ஆராய்ந்தனர். மடிக்கணினி எழாதபோதும் இம்முறையே நமக்குத் துணையாகும்.

2020-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது பள்ளிகள் மூடப்பட்டன. இல்லிருப்புக் கற்றல் தொடங்கிற்று. ஒரே கருவியைப் பிள்ளைகள் பலர் பகிர்ந்துகொண்ட இல்லங்களில், அது ஒரு நாள் எழாமற் போனால் அனைவரின் பாடமும் நின்றது. பெற்றோரின் பல நாள் உழைப்பு அக்கருவியில் அடங்கியுள்ளது. சிறு பழுதுக்காக அதனை ஒதுக்கிவிடுதல் தகுமோ?

முதலில் தீங்கு உண்டா என்று காண்போம். மின்கலம் உப்பியிருந்தாலோ, தீய்ந்த வாடை வீசினாலோ, உள்ளே தண்ணீர் புகுந்திருந்தாலோ மேற்கொண்டு எதுவும் செய்தல் ஆகாது. சுவிட்சை அடைத்து, மின்கம்பியைப் பிடுங்கிவிட்டுப் பழுது பார்ப்பவரிடம் ஒப்படைக்க வேண்டும். உப்பிய மின்கலத்தை அழுத்துவதும் குத்துவதும் தீயை விளைவிக்கும்.

தீங்கு இல்லையெனில், மின்சாரம் வரும் வழியைத் தொடர்வோம். அதே சுவிட்சில் ஒரு மேசை விளக்கைச் செருகிப் பார்க்கலாம். விளக்கு எரிந்தால் சுவிட்சு நன்று. அடுத்து, மூன்று முனை பிளக்கினுள் உள்ள ஃபியூஸைப் பெரியவர் ஒருவர் பார்க்க வேண்டும். அது எரிந்திருந்தால் அதே அளவுள்ள வேறொன்றை மாற்றலாம். பின்னர் மின்னேற்றியைக் கவனிப்போம். அது நம் வீட்டு 230 வோல்ட் மின்சாரத்தை ஏறக்குறைய 19 அல்லது 20 வோல்ட் நேர்மின்சாரமாக மாற்றித் தருகின்றது. அதன் கம்பி முறிந்திருக்கலாம், முனை தளர்ந்திருக்கலாம். வேறு மின்னேற்றியைப் பயன்படுத்துவதாயின் அதில் பொறித்துள்ள வோல்ட் அளவும் முனையும் ஒத்திருத்தல் இன்றியமையாதது. மின்கலம் முற்றிலும் வற்றியிருந்தால் அரை மணி நேரம் மின்னேற்றிய பின்னரே கருவி எழக்கூடும்.

அப்போதும் எழவில்லையா? மின்னேற்றி, சுட்டி, அச்சுப்பொறி, விரலி ஆகிய அனைத்தையும் கழற்றுவோம். மின்கலம் எளிதில் கழலுமாயின் அதையும் எடுத்துவிடலாம். இயக்கும் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்தால் உள்ளே தங்கிய மின்சாரம் வடிந்துவிடும். பிறகு மின்கலத்தைப் பொருத்தி, மின்னேற்றியை மட்டும் இணைத்துப் பொத்தானை அழுத்துவோம். பல கருவிகள் இவ்வளவிலேயே எழுந்துவிடுகின்றன.

விசிறி சுழன்றும் திரை இருண்டிருந்தால், பழுது திரையில் இருக்கலாம். கைவிளக்கைத் திரையின் மீது சாய்வாகக் காட்டினால் மங்கலான உருவம் தென்படக்கூடும். தொலைக்காட்சியுடன் இணைத்தும் சோதிக்கலாம். அங்குப் படம் தோன்றினால் கருவியின் உள்ளுறுப்புகள் இயங்குகின்றன என்று தெளியலாம். ‘பீப்’ ஒலி விட்டுவிட்டுக் கேட்டால் எத்தனை முறை என்று எண்ணி எழுதிக்கொள்வோம். பழுது பார்ப்பவருக்கு அதுவே நல்ல குறிப்பாகும்.

கடைக்குச் செல்லும்போது, “உள்ளே பிள்ளைகளின் பாடங்கள் உள்ளன, கேளாமல் அழிக்க வேண்டா” என்று முன்னரே கூறிவிட வேண்டும். கருவி எழாவிட்டாலும், உள்ளே சேமித்தவை பெரும்பாலும் அழிவதில்லை. ஆயினும் முக்கியமான பாடங்களை விரலியிலும் ஒரு படி எடுத்து வைத்தல் நன்று.

இடி மின்னல் நேரத்தில் பிளக்கைப் பிடுங்கி வைப்போம். மெத்தையின் மேல் வைத்துக் காற்று வழியை அடைக்காதிருப்போம். பதறாமல், வழியோடு சென்று தடையைக் காணும் அறிவே கல்வியின் பயன். அவ்வறிவைப் பெற்றுப் பெற்றோரின் உழைப்பைக் காப்போமாக!