வானிலை மேசைக்குப் புதிதாய் வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு

1. பினாங்கில் எரிமலை இல்லையே என்று இருந்துவிடாதீர்கள். மலாக்கா நீரிணைக்கு அக்கரையில், சுமத்ராவில், சினாபுங் எரிமலை இருக்கிறது. சுமார் 400 ஆண்டு உறங்கிய மலை, 2010 ஆகஸ்டில் விழித்துக்கொண்டது. அதற்குப் பக்கத்து நகரான மேடானுக்கு இங்கிருந்து விமானத்தில் ஒரு மணி நேரப் பயணம்தான். பக்கத்துப் பேராக்கில், லெங்கோங்கில், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் தோண்டியபோது பழங்காலக் கற்கருவிப் பட்டறையையே தோபா எரிமலைச் சாம்பல் மூடிக் கிடந்தது. அதுவும் சுமத்ராவிலிருந்து வந்ததுதான்.

2. 1982 ஜூன் 24 இரவு, கோலாலம்பூரிலிருந்து பெர்த்துக்குக் கிளம்பிய பிரிட்டிஷ் ஏர்வேஸ் 747, ஜாவாவின் காலுங்குங் சாம்பலுக்குள் புகுந்தது. நான்கு இயந்திரங்களும் நின்றுபோயின. 37,000 அடியிலிருந்து சறுக்கி இறங்கி, 13,000 அடி வாக்கில்தான் மறுபடி உயிர் பிடித்தன. ஜகார்த்தாவில் தரையிறங்கியபோது முன்கண்ணாடி உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததுபோல் மங்கியிருந்தது. விமானத்து ரேடார் ஒன்றும் காட்டவில்லை. அது மழைத்துளியைத் தேடும், சாம்பலோ காய்ந்த பொடி. இயந்திரச் சூட்டில் அந்தப் பொடி உருகி, உள்ளே சுழலும் தகடுகளில் கண்ணாடியாக ஒட்டிக்கொள்ளும்.

3. ஹிமாவாரி செயற்கைக்கோள் படத்தில் சாம்பலும் மேகமாகத்தான் தெரியும். வெறும் படத்தை முறைத்துப் பயனில்லை, கழித்துப் பாருங்கள். 11 மைக்ரோமீட்டர் அகச்சிவப்பில் தெரியும் வெப்பநிலையிலிருந்து 12 மைக்ரோமீட்டரில் தெரிவதைக் கழிக்க வேண்டும். நீர், பனி மேகமென்றால் விடை பெரும்பாலும் நேர்க்குறி, சாம்பலென்றால் எதிர்க்குறி. இரவிலும் செல்லும் கணக்கு இது. ஆனால் பாடநூல் படங்களை நம்பி நம் வானத்தைப் படிக்காதீர்கள். இங்கே காற்றில் ஈரம் அதிகம். அது எதிர்க்குறியை அழித்துவிடும். சாம்பலைப் பனி போர்த்திக்கொண்டாலும், புகைத்தூண் மிக அடர்த்தியாக இருந்தாலும் அதே கதிதான். எதிர்க்குறி வந்தால் சந்தேகப்படுங்கள். வராததை மட்டும் வைத்து 'வானம் சுத்தம்' என்று எழுதாதீர்கள்.

4. பத்து நிமிடத்துக்கு ஒரு படம் வருகிறது. வரிசையாக ஓட்டிப் பாருங்கள். எரிமலைப் புகை ஒரே புள்ளியிலிருந்து புறப்படும். பிற்பகல் இடிமேகமும் சுமத்ராவில் மலைமேல்தான் கட்டும் என்பதால், அந்த நேரத்தில் இரட்டிப்புக் கவனம்.

5. உயரம்தான் பெரிய தலைவலி. மேகத்தின் உச்சி வெப்பநிலையை, காலை 8க்கும் இரவு 8க்கும் பாயான் லெப்பாஸ் வானிலைப் பலூன் உயரவாரியாகத் தரும் வெப்பநிலையோடு ஒப்பிடுங்கள். பிறகு புகை நகரும் திசை எந்த உயரத்துக் காற்றோடு பொருந்துகிறது என்று பாருங்கள். இரண்டும் முரண்பட்டால் உயரமானதையே எடுத்துக்கொள்ளுங்கள். 2018 பிப்ரவரி 19 அன்று சினாபுங் சாம்பல் 50,000 அடியைத் தாண்டியது. அடுக்குமண்டலத்துக்குள் போன புகை சூடாகத் தெரிந்து, தாழ இருப்பதுபோல் ஏமாற்றும்.

6. கந்தக டை ஆக்சைடு படம் வேறு, சாம்பல் படம் வேறு. இரண்டும் வெவ்வேறு திசையில் பிரிந்து போவதுண்டு.

7. நம் பக்கத்துச் சாம்பலுக்கு ஆலோசனை அறிக்கை தருவது டார்வின் மையம். உலகில் அப்படி ஒன்பது மையங்கள். அறிக்கையில் நேரமெல்லாம் யுடிசி. நம் நேரத்துக்கு எட்டு மணி கூட்டுங்கள். வரைபடத்தில் ஒன்றுமில்லாத இடத்திலிருந்து ஒரு விமானி 'கந்தக வாடை அடிக்கிறது' என்றால் அவரிடம் வாதாட வேண்டாம். இடம், உயரம், நேரம் மூன்றையும் கேட்டுக் குறித்து, உடனே டார்வினுக்குச் சொல்லுங்கள்.